காய வேண்டிய ஐந்து சாடிகள்

விவசாய பீடத்தை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான். பேலியகொடையில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. காலையில் வெள்ளவத்தை அறைக்கு வந்து படுத்தால் மாலைதான் எழுவேன்.

திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. பாதியில் விட்ட ஆய்வை முடித்துத் திங்களுக்குள் அனுப்பினால் எனக்காகப் பேசுவதாக விரிவுரையாளர் சொல்லியிருந்தார். மாடு மேயும் புல்லின் இலை எந்த நிலையில் முற்றி நாராகிறது என்பதே ஆய்வு. என் அறைக்கு நேர் மேலே மொட்டைமாடியில் பத்துச் சாடிகளில் அறுகு வளர்த்தேன். ஐந்துக்கு மாலைதோறும் தண்ணீர். மற்ற ஐந்துக்குக் கிழமைக்கு ஒருமுறை அரைக் கோப்பை. தண்ணீர் குறைந்தால் இலை தடித்து, கிழிக்க அதிகப் பலம் தேவைப்படும். அந்த ஐந்தும் முதலில் மஞ்சளடித்தன, பிறகு பச்சையாகின. அறுகு தாக்குப்பிடிக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு மாலை ஒவ்வோர் இலையையும் கவ்வியில் பிடித்து, கீழே கோப்பை தொங்கவிட்டு, அது அறும்வரை மணல் போட்டு, அந்த மணலை நிறுத்தேன். பத்துச் சாடி இலைகளும் ஒரே எடையில் அறுந்தன.

நாலாம் மாடி சரோஜினிதேவி தட்டோடு மேலே வந்தார்.

"தம்பி, இந்தப் புல் நீங்களோ வச்சது?"

"ஓம்."

"நாளைக்குச் சதுர்த்தி. மார்க்கட்டில வாற அறுகு வாடல். இதில அஞ்சு சாடி செத்துக்கொண்டு கிடந்தது. காய்ஞ்சதைப் பிள்ளையாருக்கு வைக்கேலுமே? நான்தான் ஒவ்வொரு நாளும் காலமை தண்ணி ஊத்தித் தப்ப வச்சனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"பின்னே? வச்ச ஆளும் செத்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன். ஒரு நாளும் காணேல்லையே!"

சிரித்துக்கொண்டே கிள்ளினார். காலையில் என் கட்டிலுக்கு மேலே கேட்கும் செருப்புச் சத்தம் தண்ணீர்த் தாங்கி பார்ப்பவனுடையது என்று நான் நினைத்திருந்தேன்.

அறைக்கு வந்து, அந்த ஐந்து சாடிகளின் எடையையும் இரண்டால் பெருக்கி எழுதினேன். யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தக் கட்டடத்தில் என்னைப் பற்றி ஓர் ஆளுக்குத் தெரிந்ததே அந்தச் சாடிகள் தண்ணீர் குடித்தன என்பதுதான். அதைப் பொய்யாக்க மனம் வரவில்லை. அழித்துவிட்டு நடந்ததை எழுதி அனுப்பினேன்.

திங்கள் விரிவுரையாளரின் மறுமொழி வந்தது: இதை ஏற்க முடியாது.

செவ்வாய் காலை படுத்திருந்தபோது மேலே செருப்புச் சத்தம் கேட்டது. போய் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் ஐந்து தடவை விழும்வரை விழித்துக் கிடந்தேன்.