படுக்கை போட ஓர் இடம்

வீட்டுக்காரர் தன் மகளைக் குடிவைக்க வேண்டும் என்று மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொன்னதிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்கின் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வேலை முடிந்து கைப்பிசுக்கைத் துடைப்பதற்குள் மனைவியின் போன் வந்துவிடும். "ஏங்க, தரகர் வந்துட்டாரு. எங்க இருக்கீங்க?" எண்ணெய்க் கறைச் சட்டையோடே ஓடுவான்.

அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு பல் முடியளவு தூக்கலாக இருந்தாலும் விடமாட்டாள். உரசி உரசி இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் கண்ணோடு வீடு பார்த்தால் எந்த வீடு தேறும்? போதாததற்கு, வீட்டுக்குத் திசையும் சக்தியும் பார்க்கும் சீன சாஸ்திரமான ஃபெங் சுயி வேறு சேர்ந்துகொண்டது. கைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தால், தரகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எந்நேரமும் இடுப்பில் சாவிகள் கலகலக்கும் மனிதர். அவருக்குச் சாவிக்கொத்து என்றே பேர்.

முதல் வீட்டு வாசலுக்கு எதிரே லிஃப்ட்.

"உள்ள வர்ற நல்ல சக்தியெல்லாம் இதுல ஏறிப் போயிடும்" என்றாள்.

"நமக்குச் சோறு போடுறதே லிஃப்ட்தான். அதைப் போய்க் குத்தம் சொல்றியே" என்றான் அவன்.

"சோறு போடட்டும். வாசல்ல வந்து நிக்க வேண்டாம்."

அடுத்த வீட்டில் அடுப்புமேடையும் பாத்திரம் கழுவும் தொட்டியும் ஒட்டி ஒட்டி இருந்தன. நெருப்பும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் ஓயாத சண்டையாம்.

"அம்மா, எங்க வீட்ல அது ஒரு மூலை, இது ஒரு மூலை" என்றார் சாவிக்கொத்து. "சண்டை மட்டும் நடுவீட்லதான்."

இன்னொன்றில் வாசலும் பால்கனியும் ஒரே நேர்க்கோடு. வந்த யோகம் நிற்காமல் போய்விடும். வேறொன்றில் வாசலை நோக்கிக் கால் நீட்டித்தான் படுக்க முடியும். "பொணத்தைத்தான் அப்படி எடுத்துட்டுப் போவாங்க" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டாள்.

அவன் அதிகம் வாய் கொடுக்கவில்லை. இது எங்கே தொடங்கியது என்று அவனுக்குத் தெரியும். அவனோடு ஜோடியாக வேலை பார்த்தவன் ஒல்லி. ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் கயிறு ஓடும் சக்கரத்துக்குள் ஒல்லியின் வலது கை சிக்கி, முழங்கைக்குக் கீழே போய்விட்டது. ஒல்லி தேறி வந்து, இப்போது கம்பெனி அலுவலகத்தில் போன் எடுக்கிறான். வாயும் பழையபடி நீளம்தான். தேறாதவன் இவன்தான். படுத்தால் கண் மூடாது. மூடினாலும் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிடுவான். அவள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். "சும்மா, சூடு" என்று மழுப்பிவிட்டான். கட்டிலைத் திருப்பிப் போட்டால் தூக்கம் வரும் என்று யாரோ சொல்ல, அவள் திருப்பிப் போட்டாள். அப்புறம் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றினாள். அப்புறம் ஃபெங் சுயி புத்தகம் வாங்கினாள், திசைகாட்டி வாங்கினாள்.

ஒருநாள் சாவிக்கொத்து ஒரு தெருவில் திரும்பியதுமே அவன் இரண்டடி பின்தங்கினான். சாம்பல் நிறக் கட்டடத்துக்கு இப்போது மஞ்சள் பூசியிருந்தார்கள். வண்ணம் மாறினால் கட்டடம் மாறிவிடுமா? அதே தூண்கள், அதே இரும்புப் படிக்கட்டு. ஒல்லிக்குக் கை போனது இங்கேதான் என்று அவளுக்குத் தெரியாது. அவன் சொன்னதில்லை.

"ஆறாவது மாடி. லிஃப்ட் வந்துடுச்சு, ஏறுங்க" என்றார் சாவிக்கொத்து.

"நீங்க போங்க. நான் படியேறி வர்றேன். உடம்புக்கு நல்லது."

"லிஃப்ட்காரரே படியேறினா நாங்க எதை நம்பி ஏறுறது?" என்று சிரித்தபடி அவர் கதவை மூடினார்.

அவன் மூச்சிரைக்க மேலே வந்தபோது அவள் வீட்டின் நடுவில் நின்றிருந்தாள். பல நாளாக அவன் பார்க்காத முகம் அது.

"ஏங்க, வாசலுக்கு எதிர்ல ஒண்ணுமில்ல, லிஃப்ட் அந்தப் பக்கமா திரும்பி இருக்கு. அடுப்பு ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம். இங்க கட்டில் போட்டா பின்னால கெட்டிச் சுவரு, படுத்துக்கிட்டே கதவைப் பாக்கலாம், ஆனா கதவுக்கு நேரா கால் இல்ல. இதைத்தானே இத்தனை நாளா தேடினோம்! திசை மட்டும் சரியா இருந்துட்டா முடிச்சுடலாம்."

தலைக்கு மேலே லிஃப்ட் மோட்டார் உறுமி நின்றது. அவள் காதில் அது விழவே இல்லை. அவன் காதில் விழுந்தது. இங்கே படுத்துக்கொண்டு தினமும் இதைக் கேட்பதா? வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பாள். கால்சட்டைப் பையில் கைவிட்டான். லிஃப்ட் குழிக்குள் விழுந்த திருகாணிகளை எடுக்கும் காந்தம் கையில் தட்டுப்பட்டது. யோசிக்கவில்லை. மெல்ல நகர்ந்து அவளை ஒட்டி நின்றான்.

முள் ஆடியது, திரும்பியது.

"அய்யோ, வாசல் மேற்குன்னு காட்டுதே" என்றாள். முகம் வாடிவிட்டது.

"அப்ப விடு. வேற பாக்கலாம்" என்றான், அவசரமாக.

அந்த அவசரம்தான் காட்டிக்கொடுத்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். சாயங்கால வெயில் வாசலுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. திசைகாட்டியோடு நாலடி தள்ளிப் போனாள். முள் பழைய இடத்துக்கு வந்தது. கிட்ட வந்தாள், அவன் பக்கமாகச் சாய்ந்தது.

"கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க."

போனான். முள்ளும் போயிற்று.

"பையில என்ன?"

அவன் காந்தத்தை எடுத்து நீட்டினான். சாவிக்கொத்துக்குச் சிரிப்பு வாய்வரை வந்தது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நான் கீழ இருக்கேன்" என்று நழுவினார்.

"வீடு பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? இத்தனை நாள் நான் பைத்தியக்காரி மாதிரி அலைஞ்சது உங்களுக்கு வேடிக்கையா?" அவள் திசைகாட்டியைப் பைக்குள் போட்டாள். "யாருக்காக அலையறேன்னு நினைச்சீங்க?"

அவன் விறுவிறுவென்று படியில் இறங்கினான். அவள் விடாமல் பின்னால் வந்தாள். நாலாவது மாடித் திருப்பத்தில் அவன் நின்றான்.

"ஒல்லி கை போனது இங்கதான். அந்த வீட்டுக்கு நேர் மேல. நான் மோட்டார் ரூம் கதவுகிட்ட நின்னேன். கரண்டை நிறுத்த ஓடினேன். ஓடிப் போய்ச் சேர்றதுக்குள்ள..." அதற்கு மேல் வரவில்லை.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். 

"எல்லாம் பொருந்தி வர்ற வீடு. உனக்கும் பிடிச்சிருக்கு. எடுத்துக்கலாம். போகப் போகப் பழகிடும்."

"பல்செட்டையும் பழகிடும்னு சொல்லித்தான் கொடுப்பாங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பழகாத பல்செட் டம்ளர் தண்ணிலதான் கிடக்கும். எழுந்திரிங்க, போலாம்."

ஒல்லிக்கு விஷயம் தெரிந்ததும் போனிலேயே சண்டைக்கு வந்தான். "ஏன்டா விட்டுட்டு வந்தீங்க? அந்த லிஃப்டுக்கு என் கையையே கொடுத்திருக்கேன். அதைவிட உசத்தியா எந்த லிஃப்ட் ஓடப்போகுது?" மெக்கானிக் சிரித்தான். சிரித்து முடித்த பிறகும் போனை வைக்காமல் இருந்தான். "அன்னைக்கு நான் சீக்கிரம் ஓடியிருந்தா..." என்றான். "ஓடின வேகத்துல உன் கையும் மாட்டியிருக்கும், ரெண்டு பேருமா போன் எடுத்துக்கிட்டு இருப்போம். போடா" என்றான் ஒல்லி.

கெடுவுக்கு முந்தின நாள், லிஃப்டே இல்லாத ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி வீடு கிடைத்தது. வாசலைத் திறந்தால் மாடிப்படி மடமடவென்று கீழே இறங்குகிறது. அடுப்பும் தொட்டியும் தோளோடு தோள். புத்தகத்தில் ஆகாது என்று எழுதியிருப்பதில் பாதி அங்கே இருந்தது. அவள் முன்பணம் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

சாமான் ஏற்றிய அன்று ஒல்லியும் வந்து, ஒற்றைக் கையால் தலையணை மூட்டையைத் தூக்கிக்கொண்டு, படியேறும்போதெல்லாம் இருவரையும் திட்டினான். கட்டிலை எங்கே போட்டாலும் ஏதோ ஒன்று இடித்தது. கடைசியில் அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீங்களே சொல்லுங்க. எங்க போட்டா உங்களுக்குத் தூக்கம் வரும்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "தெரியல" என்றான். பிறகு, "ஜன்னல்கிட்ட போட்டுப் பாக்கலாம். வரலைன்னா உன்னை எழுப்புறேன்" என்றான்.

"எழுப்புங்க" என்றாள்.

அந்த வாரத்தில் இரண்டு நாள் எழுப்பினான். ஒருநாள் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார்கள். மறுநாள், அன்றைக்குப் படியில் விட்ட இடத்திலிருந்து மீதியைச் சொன்னான்.