அறுபதுக்கு அறுபத்துநாலு

தொழிற்சாலையின் சோதனை அறையில் இரும்பின் கெட்டித்தன்மையை அளந்து சொல்பவள் பெரியவள். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உலையில் பாரந்தூக்கிக்கான ஆணிகளைச் சுட்டுக் கெட்டியாக்குகிறவன் அவள் தங்கையின் கணவன். முதலில் பெரியவளைத்தான் பெண் கேட்டு வந்தான். தங்கையைக் கண்டதும் மனம் மாறிவிட்டான்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் கருவியைச் சரிபார்த்தாள். அறுபது என்று முத்திரையிட்ட கட்டையில் வைர முனையை இறக்கினால், முள் அறுபத்துநாலில் போய் நின்றது. முனை மழுங்கியிருந்தது. இனி மெத்தென்ற இரும்பும் கெட்டியாகத்தான் தெரியும். மாற்று முனையை எடுக்க இழுப்பறையைத் திறந்தாள். உலைக்காரன் ஓர் ஆணியோடு உள்ளே வந்தான்.

“அண்ணி, அரம் போட்டா வழுக்கிட்டுப் போகணும். இதுல பிடிக்குது, இரும்பு மெத்துன்னு இருக்கோன்னு தோணுது. உலையோட சூடு காட்டுற மீட்டர் மேலயே சந்தேகமா இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்.”

இழுப்பறையை மூடிவிட்டு ஆணியை வைத்து அழுத்தினாள். ஐம்பத்தொன்பது. வேண்டியது ஐம்பத்தெட்டு.

“நல்லாத்தான இருக்கு.”

“மெஷின் சரியா காட்டுதா?”

“இப்பத்தான் பார்த்தேன். சரியா இருக்கு.”

அவன் முகம் தெளிந்தது. அவள் பதிவேட்டில் எதையும் எழுதவில்லை.

மூன்று வாரம் அவன் நிம்மதியாக ஆணிகளைச் சுட்டுத் தள்ளி, பெட்டிக்குப் பெட்டி கையெழுத்திட்டான். பெட்டிகள் வெளியே போகுமுன் நடக்கும் கடைசிச் சோதனைக்கு முதல் நாள் அவள் முனையை மாற்றினாள். மறுநாள் மேலாளரின் கண்ணெதிரே அழுத்திய ஆணிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. அண்ணியிடம் முன்பே காட்டினேன் என்று அவன் சொன்னான். மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். அப்படி எதுவும் அதில் இல்லை. மத்தியானமே அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் தங்கை வந்தாள். உட்காரக்கூட இல்லை.

“உன்கிட்ட காட்டினாராமே அக்கா?”

“என்கிட்ட யாரும் எதையும் காட்டல. தப்புப் பண்ணிட்டு என் தலையில போடுறாரு. நாளைக்கு உன் தலையிலயும் போடுவாரு.”

தங்கை நம்பிவிட்டாள். அக்காவின் தோளில் சாய்ந்து விசும்பினாள். பெரியவள் அவள் தலையைக் கோதினாள். இத்தனை சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவளுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அந்த வாரமே தங்கை துணிமணிகளோடு வந்துவிட்டாள். அவன் இரண்டு முறை வாசலுக்கு வந்தான். இரண்டு முறையும் கதவைத் திறந்து, அவள் உன்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லி அனுப்பியது பெரியவள்தான். மூன்றாம் முறை அவன் வரவில்லை.