விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

கண்ணாடி உடைந்திருந்தது. அக்கா இரண்டு துண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பழைய மாடிக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட. ‘ஆபத்தான கட்டடம், காலி செய்யுங்கள்’ என்று அதிகாரிகள் நோட்டீஸ் ஒட்ட வந்தபோது வாசலில் கையை விரித்து மறித்தவள் அவள். ஆபத்தாம், ஆபத்து! இல்லாதப்பட்டவர்களைத் துரத்த இவர்களுக்குச் சாக்குக்கா பஞ்சம்? படிக்கட்டுச் சுவரில் இருந்த விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில் ஒன்றைக் கொத்தனாரை விட்டுப் பூசி ஒட்டவைத்தாள். சுவர் அசைந்தால் அது உடையும். உடையாதவரை கட்டடம் பத்திரம். நோட்டீஸை எதிர்த்து நாளை நடக்கும் விசாரணையில் அதுதான் அவளுடைய சாட்சி.

"பிள்ளைங்க பந்து பட்டிருக்கும், இல்ல?" என்று கொத்தனாரிடம் கேட்டாள். இல்லை என்று அவர் சொல்லிவிடக் கூடாதே.

அவர் விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். போன வாரம் நகம்கூட நுழையாத இடம்.

"பந்து இல்லக்கா. சுவர் நகருது. எல்லாரையும் கீழ இறக்குங்க."

அக்கா ஓடிப்போய் மாடி வீட்டுத் தையற்காரியின் கதவைத் தட்டினாள். "சீக்கிரம் வெளிய வாம்மா, சுவர் விழப்போகுது!"

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. "யார் வந்து என்ன சொன்னாலும் வெளிய வராதீங்கன்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க? இப்ப உங்களையே விலைக்கு வாங்கிட்டாங்களா?"

அடுத்த கதவிலும் அதே பேச்சு. சொல்லிக்கொடுத்தவளே அவள், யாரை நொந்துகொள்வது? மேலேயிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. படிக்கட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"தீ! தீ!"

பொய்தான். ஆனால் கதவுகள் படபடவென்று திறந்தன. குழந்தையை இடுக்கிக்கொண்டும் எச்சில் கையோடும் சனம் தெருவுக்கு ஓடியது.

கடைசியாக வந்த தையற்காரி கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கக்கா தீ?"

அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இரண்டு துண்டுக் கண்ணாடி.

"அடிப்பாவி! இதுக்கா? அவங்க வந்து பூட்டுப் போட்டுட்டா நாங்க எங்க போவோம்? தள்ளுங்க, என் மெஷின் உள்ள கிடக்கு."

அவள் பின்னால் மொத்தக் கூட்டமும் முண்டியது. அன்று அதிகாரிகளை மறித்த அதே வாசலில் அக்கா இரண்டு கையையும் விரித்து நின்றாள். "அடிங்க, காறித் துப்புங்க. உள்ள மட்டும் விடமாட்டேன்."

கட்டடம் நின்றால் இவர்கள் வீட்டைப் பறித்த பழி அவளுக்கு. விழுந்தால் முதலில் அவள் தலையில்தான். முதுகுக்குப் பின்னால் சுவர் நறநறத்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையை மட்டும் மடக்கவில்லை.