கூட வந்த அண்ணன்

மாரிசெல்விக்கு முதல் தடவை கை கால் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். முந்தின நாள் ஓ.டி. முடித்து வந்து, பிரியாணியை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தவள், விழித்தபோது எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, நினைவும் தப்பவில்லை. கழுத்துக்குக் கீழே உடம்பு ஈரச்சாக்கு மாதிரிக் கிடந்தது. மத்தியானத்துக்குள் தானாகவே சரியாகி, எழுந்து போய்ப் பல் விளக்கினாள்.

அதற்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் சார்ஜர் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை பார்த்தவள் அவள். தங்கியிருந்தது பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலில். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் கை கால் வந்துவிடும். ரத்தம், ஸ்கேன் எல்லாம் நார்மல்.

"ஃபர்ஸ்ட் ஷிப்ட்னா மட்டும் உனக்கு வாதம் வந்துருது இன்னா?" என்று சூப்பர்வைசர் லைனில் எல்லார் முன்னாலும் கேட்டான். கம்பெனி டாக்டர் மனசுதான் காரணம் என்றார். நாம்தான் நடிக்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவளை நம்பியவன் அண்ணன் அய்யாத்துரை ஒருத்தன்தான். மறைமலை நகரில் வேலை, எழிலரசி என்ற பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. லீவு போட்டுவிட்டு பைக்கில் வந்து டாக்டர் டாக்டராகக் கூட்டிக்கொண்டு போனான். தாம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரம்மா நிதானமாக விசாரித்தார்.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி வந்திருக்காம்மா? கூடப் பொறந்தவங்களுக்கு?"

மாரிசெல்வி வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னான்: "யாருக்கும் இல்லங்க மேடம்."

"அப்போ வந்திருக்கும்போதே தூக்கிட்டு வாங்க. அந்த நேரத்து ரத்தத்தைப் பார்க்கணும்."

"நானே தூக்கிட்டு வாரேன் மேடம்."

அடுத்த முறை விழுந்ததும் பக்கத்துக் கட்டில் பெண் போனைப் பிடித்துக்கொள்ள, அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் வந்து சேர்ந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "டிராபிக்கு தாயி" என்றான். அதற்கடுத்த முறையும் அதேதான்.

கம்பெனியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. போனில் சொல்ல மனசில்லாமல், மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் மறைமலை நகருக்குப் போனாள். கதவைத் திறந்தவன் அண்ணனோடு தங்கியிருக்கும் ஊர்க்காரன் இசக்கிபாண்டி. அவன் கையில் மருந்துக் குப்பி. பாயில் அய்யாத்துரை மல்லாந்து கிடந்தான். கையும் காலும் போட்ட இடத்திலேயே கிடந்தன. அந்தக் கிடப்பை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வா செல்வி. ராத்திரி பரோட்டாவை அள்ளிப் போட்டான், சொன்னா கேக்கானா? பொட்டாசியம் மருந்து குடுத்திருக்கேன், இப்பம் எந்திரிச்சிருவான்."

"எத்தன நாளா இப்படி?"

"இங்க வந்ததுலேர்ந்தே வருது. டாக்டர் நோய் பேரெல்லாம் சொல்லி மருந்து குடுத்திருக்காருல்லா. ஒனக்குத் தெரியாதா?"

அய்யாத்துரையால் கழுத்தை மட்டும்தான் திருப்ப முடிந்தது. சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் எழுந்து உட்காரும்வரை அவள் காத்திருந்தாள்.

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு யாருக்கும் இல்லன்னு சொன்னியேண்ணே."

"கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன் தாயி. எழிலரசிக்குத் தெரிஞ்சா நின்னு போயிரும்."

"நான் கெடந்து போன் போட்டப்பவும் கல்யாணத்தத்தான் பாத்தியோ?"

அவன் பாயைச் சுருட்டத் தொடங்கினான்.

டாக்டரம்மாவிடம் அவள் தனியாகப் போனாள். "எங்க அண்ணனுக்கு இருக்கு மேடம்" என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, அங்கே விழுந்தபோது ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. பரம்பரையாக வருவது, மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். மாரிசெல்வி அழுதாள். பைத்தியமும் இல்லை, நடிப்பும் இல்லை.

மனசு கேட்காமல் எழிலரசிக்குப் போன் செய்து, அண்ணனுக்கு இருப்பதைச் சொன்னாள். படப்பைப் பெண், அண்ணன் கம்பெனியிலேயே வேலை, அவனே பார்த்து முடிவுசெய்த கல்யாணம்.

"அதுவா? அவரு முன்னயே சொல்லிட்டாரே செல்வி," என்றாள் எழிலரசி. "சத்துக் குறைவாம். குடும்பத்துல வேற யாருக்கும் இல்ல, புள்ளைங்களுக்கு வராதுன்னாரு."

மாரிசெல்விக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அண்ணன் மறைத்தது தன் நோயை இல்லை, அவளுடையதை. அவளுக்கும் அதே பேர் வந்துவிட்டால் அது குடும்ப நோயாகிவிடும்.

"எனக்கும் இருக்கு மதினி," என்றாள்.

அன்று சாயங்காலமே ஊரிலிருந்து அம்மா சொர்ணம்மாள் கூப்பிட்டாள். "கூடப் பொறந்தவன் வாழ்க்கையில இப்படி மண்ணள்ளிப் போட்டுட்டியேட்டி. கொஞ்ச நாள் பொறுத்தா செத்தா போயிருவ?"

அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. மாரிசெல்வி போனை வைத்துவிட்டாள்.

கல்யாணம் நிற்கவில்லை. எழிலரசி டாக்டரம்மாவை நேரில் பார்த்து எல்லாவற்றையும் விசாரித்தாள், ஒரு வாரம் அய்யாத்துரையோடு பேசாமல் இருந்தாள், பிறகு சரி என்றுவிட்டாள்.

மாரிசெல்வி ஒரகடத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். எழிலரசி கூப்பிட்டதற்காகக் கல்யாணத்துக்குப் போனாள். நாத்தனார் முடிச்சுப் போட அவளைத்தான் மேடைக்கு அழைத்தார்கள். எழிலரசியின் பின்னால் நின்று மூன்றாவது முடிச்சை நன்றாக இறுக்கிப் போட்டாள். அய்யாத்துரை நிமிர்ந்து ஏதோ சொல்ல வந்தான். அவள் இறங்கிப் போய்ச் செருப்பைத் தேடினாள்.