பாதிக் கட்டில்

ஒரு சொல்லுக்காக நான் ஒருத்தியோடு சண்டை போட்டிருக்கிறேன், அதுவும் நிறைமாத வயிற்றோடு. வாய்க்கொழுப்பு என்றால் அதுதான்.

அது 1961. சிங்கப்பூர் தேக்காவில், பஃபலோ ரோட்டில் எங்களுக்கு ஒரு மாடியறை. என் கணவர் அருளானந்தம் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். சந்தைக்குப் போனால் மீன் நாறுகிறதா என்று பார்க்க மாட்டார். மீன்கார மலாய்க்காரர் வாயில் ‘கெடாய்’ என்று வந்துவிட்டால் போதும், “நம்ம கடை, மதலேனா” என்று என் காதைக் கடிப்பார். ‘காப்பால்’ என்றால் நம்ம கப்பல். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பெருமை ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டுமே அழாமல் போய்விட்டன. பெருமைப்பட எனக்கு வேறென்ன இருந்தது?

மூன்றாவதற்கு வலி எடுத்ததும் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வருடங்களில் சிங்கப்பூரில் பிள்ளைகள் மழைக்காலத்துக் காளான் மாதிரி பிறந்துகொண்டிருந்தார்கள். கட்டில்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஆயா ரத்தினம்மா என்னைக் கொண்டுபோய் நிறுத்திய கட்டிலில், முந்தின நாள் பிறந்த மகனோடு ஒரு மலாய்ப் பெண் படுத்திருந்தாள்.

“என் கட்டில் எங்க?” என்றேன்.

“இதுதான். ஆளுக்குப் பாதி லா. அவங்க தலை அந்தப் பக்கம், உங்க தலை இந்தப் பக்கம்,” என்றாள் ரத்தினம்மா.

“பாதிக் கட்டில்ல நான் எப்படிப் புள்ள பெக்குறது? எனக்கு முழுக் கட்டில் வேணும்!”

அந்தப் பெண் சிரித்தாள். “காத்தில், காத்தில்,” என்று சொல்லிப் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். என்னைப் பழிக்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவங்க பாஷையிலயும் கட்டிலுக்கு அதான் பேரு என்றாள் ரத்தினம்மா. விடுவேனா? எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், அது எங்கள் சொல், நீங்கள்தான் எடுத்துக்கொண்டீர்கள் என்று அவளிடமே சொன்னேன்.

“அப்படியா? என் அம்மா என்னைப் பெத்ததே காத்தில்லதான். உனக்கு வேணும்னா திருப்பி எடுத்துக்கோ,” என்று மலாயில் சொன்னவள், முழங்காலை மடக்கி எனக்கு இன்னும் ஒரு சாண் இடம் விட்டாள். கேலாங்கில் குடியிருக்கிற சாலெஹா அவள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் எனக்கு மகள் பிறந்தாள். அழுதாள். அந்தச் சத்தம் கேட்டபோது மாதாவே என்று வாய்விட்டுக் கதறினேன். ஆனால் வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு எனக்கு ரத்தம் நிற்கவில்லை. மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஓடினாள், டாக்டர் வந்தார், ஊசி போட்டார். கட்டிலின் கால்மாட்டை மரக்கட்டைகள் வைத்து உயர்த்தச் சொன்னார். அப்படிச் சரிந்த கட்டிலில் இன்னொருத்தி படுக்க முடியாது. சாலெஹாவை எங்கே போடுவது என்று ரத்தினம்மா வார்டு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். இடமே இல்லை.

யாரும் சொல்வதற்குள் சாலெஹா மகனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். தையல் போட்ட உடம்பு. சிமெண்டுத் தரையில் சாரோங் துணியை விரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பக்கத்தில் கம்பி வைத்த சின்னக் கட்டிலில் என் மகள் கிடந்தாள்.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழிப்பு வரும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டேன்: “புள்ள அழுதுச்சா?” சாலெஹாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முந்தின இரண்டு பிள்ளைகளின் கதையை ரத்தினம்மாவிடம் கேட்டிருந்தாள். நான் கேட்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து, என் மகளின் பிஞ்சுப் பாதத்தை விரலால் சுண்டி வீல் என்று அழவைத்தாள். பிறகு அவளே எடுத்துத் தட்டிக் கொடுத்து அமர்த்தினாள். எத்தனை முறை அப்படி எழுந்தாளோ தெரியாது. அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டுதான் நான் கிடந்தேன். இன்றைக்கும் என் ஜெபத்தில் முதலில் வருகிற பெயர் அவளுடையது.

மத்தியானம் ரத்தம் மட்டுப்பட்டது. பார்க்க வருகிறவர்களை உள்ளே விட்டார்கள். சாலெஹாவின் கணவர் வந்தவர், மனைவி தரையில் கிடப்பதைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“காத்தில் இத்து தியா புன்யா,” என்றாள். அந்தக் கட்டில் அவளுடையது என்று என்னைக் காட்டினாள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தன் கோட்டைக் கழற்றி மடித்து அவள் முதுகுக்குக் கொடுத்தார்.

அதே நேரம் உள்ளே நுழைந்த என் கணவர் காதில் அந்த ஒரு சொல் மட்டும் விழுந்திருக்கிறது. என் வெளுத்த முகத்தைப் பார்த்து அரண்டுபோயிருந்தார். பயம் வந்தால் சிலருக்கு ஜெபம் வரும், அவருக்குச் சொல்லாராய்ச்சி வரும்.

“கேட்டியா மதலேனா? காத்திலாம்! நம்ம கட்டில். மிஸ்ஸி புள்ளையோட கட்டில இங்கிலீஷ்ல ‘காட்’ங்கிறாங்களே, அதுவும் வெள்ளைக்காரன் இந்தியாவுல பொறுக்குனதுதான். அந்தக் காலத்துல அரசன் ஏறுற ஆசனத்தையே கட்டில்னுதான்...”

“நம்ம சொல்லாவே இருக்கட்டும்ங்க,” என்றேன். குரலே எழும்பவில்லை. “எனக்குக் கட்டில் குடுத்தது அவங்க. காலையிலேர்ந்து தரையில கெடக்குறாங்க. நம்ம புள்ளைய அழவச்சு அழவச்சு என்னைய உசுரோட வச்சிருந்தாங்க. போய் நன்றி சொல்லுங்க.”

அப்போதுதான் அவர் கீழே பார்த்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை அவருடையது. மாதா கோயில் பூசையில்கூடக் கைக்குட்டையை விரித்துத்தான் முழங்கால் போடுவார். அந்த மனிதர் ஈரச் சிமெண்டில் அப்படியே மண்டியிட்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

“தெரிமா காசே,” என்று மலாயில் நன்றி சொன்னார். தோள் குலுங்கியது.

“சாமா சாமா,” என்றாள் சாலெஹா. சமம், சமம்; நன்றிக்கு மலாயில் அதுதான் பதில். எட்டி என் மகளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அந்த ‘சாமா’ யாருடைய சொல், எங்கிருந்து எங்கே போனது என்று என் கணவர் சொல்லவில்லை. மகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை சாலெஹா முன்னால் தரையிலேயே இருந்தார்.