வலி இருந்த இடம், வலி இருக்கும் இடம்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவள் என் அக்கா மகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க முடியாமல் சிரித்தபடி சொன்னாள். முடித்ததும் ஒரு கட்டளை: "சித்தி, எழுதினா என் ரூம்மேட்டைப் பத்தி எழுதுங்க. என்னை ஹீரோயின் ஆக்கிடாதீங்க."

ஆக்கிவிட்டேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'விடுதியே வியந்து பார்க்கும் அந்தச் சிறுமி, அறிவுச் சுடராக...'

"தையல் பிரிஞ்சிடும், நிறுத்துங்க" என்றாள். (அந்த வாக்கியம் பாதியிலேயே கிடக்கட்டும்.)

2

விடுதியில் அக்கா மகளுக்கு டென்ஸ் என்று பெயர். [ஆங்கில இலக்கணத்தில் காலத்துக்கும் அதுதான் பெயர், பதற்றத்துக்கும் அதுதான். இரண்டும் அவளிடம் தாராளம்.] அங்கே மாணவிகளே மாணவிகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவார்கள். விளையாட்டு நேரம் முடிந்ததும், துணி காயப்போடும் கூடத்தில், ஈரத் துண்டுகளுக்கு நடுவே டென்ஸின் வகுப்பு. புத்தக வாக்கியமே கிடையாது. "உன் வாளியை எவளோ தூக்கிட்டுப் போயிட்டா. வார்டன்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லு." அவ்வளவுதான் பாடம்.

அவளுடைய அறைத்தோழியை எல்லோரும் மியூட் என்பார்கள். எழுத்துத் தேர்வில் இலக்கணக் கேள்வி எதையும் விடமாட்டாள். வாயைத் திறந்து சொல்லச் சொன்னால் மட்டும் காதுமடல் சிவந்து தலை கவிழ்ந்துவிடும்.

"தப்பாவே சொல்லுடி, பரவாயில்ல. வாஸ்னா முடிஞ்சுபோனது. இஸ்னா இப்ப இருக்குறது. அதை மட்டும் மாத்திடாத."

மியூட் தலையாட்டினாள். வாய் திறக்கவில்லை. தன் பாடம் இவளிடம் தோற்றுவிட்டதென்றே டென்ஸ் நினைத்தாள்.

(மியூட்டுக்கு ஒரு சோகமான பின்கதை வைத்துப் பார்த்தேன். "அவ கூச்சப்படுறா, அவ்வளவுதான். எதுக்கு அவளை அழவைக்கிறீங்க?" என்று அக்கா மகளிடமிருந்து அதட்டல் வந்தது. எடுத்துவிட்டேன்.)

3

ஒரு ஞாயிறு மதியம் டென்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். வார்டன் அவளையும் துணைக்கு மியூட்டையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். அவர் பெயர் பதிய வரிசையில் நிற்க, உள்ளே கட்டிலில் டென்ஸ், பக்கத்தில் மியூட். எதிரே இருந்த மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. டென்ஸ் பேச வாயெடுத்தாலே குமட்டியது.

"வாமிட்டட்?" என்று கேட்ட மருத்துவர், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று தானாகவே முடிவுகட்டி, மாத்திரை எழுதத் தொடங்கினார்.

"நோ, டாக்டர்."

அது யார் குரலென்று டென்ஸுக்கு முதலில் புரியவில்லை.

"பெயின் வாஸ் ஹியர்." மியூட்டின் விரல் தோழியின் தொப்புளருகே நின்றது. "நவ் பெயின் இஸ் ஹியர்." விரல் வலப்பக்கம் கீழே இறங்கியது. "ஷி ஹேஸ் பீன் வாமிட்டிங் சின்ஸ் மார்னிங். ஷி டிடின்ட் ஏட் எனிதிங்."

பேனா நின்றது. வலி இடம் மாறியிருக்கிறது என்றால் மருத்துவருக்கு அது வேறு விஷயம். எழுந்து வந்து அழுத்திப் பார்த்தார். குடல்வால் வீங்கியிருந்தது, விட்டிருந்தால் வெடித்திருக்கும். அன்று மாலையே அறுவை சிகிச்சை.

"அந்த வலியிலயும் எழுந்து நின்னு கைதட்டணும்போல இருந்துச்சு, சித்தி. நான் ஃபர்ஸ்ட் வந்தப்பகூட அப்படி இருந்ததில்ல."

4

இனி முடிவு. 'டிடின்ட்' வந்தால் பின்னால் 'ஈட்'தான் வரவேண்டும்; 'ஏட்' தப்பு. டென்ஸின் காது அதை விட்டிருக்காது. ஒரு வரைவில், ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அவள் மியூட்டின் கையைப் பிடித்து "ஈட்..." என்று முனகுகிறாள். இன்னொன்றில், பல்லைக் கடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு தப்பை அப்படியே போகவிடுகிறாள்.

எது நடந்தது என்று கேட்டேன். அக்கா மகள், கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மியூட்டைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். ஆரஞ்சுச் சுளை ஒன்று என் கைக்கு வந்தது.

நானும் எழுதப்போவதில்லை. நீங்கள் யாருக்காவது ஏதாவது சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அவர்கள் முதன்முதலாக, உங்கள் கண்முன்னே, தாமாக வாய் திறந்தபோது நீங்கள் என்ன செய்தீர்களோ, அதை இந்த இடத்தில் நீங்களே...