லைட் பார்க்க எடுத்த படம்

ராம்குமார் ஹார்ட் டிஸ்கின் ஒயரை நான்காவது முறையாகப் பிடுங்கிச் சொருகினார். அதன் நீல விளக்கு எரிந்தது. உள்ளே எதுவோ சுற்றத் தொடங்குகிற சத்தமும் கேட்டது. திரையில் மட்டும் சி, டி என்ற இரண்டு டிரைவ்கள்தான் நின்றன. மூன்றாவது வரவில்லை.

"வா சனியனே, வா."

சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக் கூடத்தில், அவருடைய மனைவி முருகலட்சுமி ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். நேற்றுச் சாயங்காலம் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ராமநாதபுரம் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துபோனாள். விடியும் முன் கொண்டுவந்து கிடத்தினார்கள். மூன்று மணிக்கு எடுப்பதென்று பேச்சு. இப்போது பதினொன்றரை.

சாயல்குடியில் முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு என்று ஒரே கட்டடம் அவர்களுடையது. இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ராம்குமார் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார், முருகலட்சுமி லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டுமென்றாலும் ஊர் அவரிடம்தான் வரும். ஆதார் கார்டை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "உசுரோட இருக்கையில நல்லதா ஒரு படம் எடுத்து வைக்க மாட்டியளா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

பேனர் கடை பாக்கர் மறுபடி போனில் வந்தார்.

"அண்ணே, ஒரு மணிக்குள்ள படம் வந்தாத்தான் அடிக்க முடியும். ரெண்டு மணிக்குக் கரண்ட நிப்பாட்டுறாக."

"அனுப்புறேன் பாக்கரு. டிஸ்க்கு காட்ட மாட்டேங்குது."

"திரும்பவுமா?"

திரும்பவும்தான். கம்ப்யூட்டர் அப்டேட் ஆகும்போதெல்லாம் இதே கூத்து. ஒரு தடவை ஒயரை மாற்றியதும் வந்தது. இன்னொரு தடவை, சி, டி மாதிரி டிஸ்குக்கு உரிய எழுத்து காணாமல் போயிருந்தது, வேறு எழுத்துக் கொடுத்ததும் வந்தது. நேற்று ஆம்புலன்ஸில் ஏறும் அவசரத்தில் கம்ப்யூட்டரை அணைக்காமல் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தபோது, ஆளில்லாத வீட்டில் அது தானாக அப்டேட் முடித்து 'நல்வரவு' என்று காட்டிக்கொண்டிருந்தது.

முருகலட்சுமியின் அண்ணன் பாண்டித்துரை உள்ளே வந்தார். கையில் தங்கைக்குப் போர்த்த வாங்கிய கோடிச் சேலை.

"மாப்பிள்ளை, வந்தவுக எல்லாம் ஒங்களைத்தான் கேக்குறாக. செத்த வந்து உக்காருங்க."

"வாரேன் மச்சான். இந்தப் படத்தை மட்டும் எடுத்துட்டு வாரேன்."

"ஆதார்ல இருக்குறத கொடுத்து அனுப்புங்களேன். யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன் மச்சான்!"

சத்தம் கூடத்துக்கே கேட்டிருக்கும். அழுகை ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது. பாண்டித்துரை சேலையோடு வெளியே போனார்.

மூன்று வருஷத்துக்கு முன் தனுஷ்கோடிக்குப் போனபோது அவளை மட்டும் தனியாக நிறுத்தி ஒரு படம் எடுத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பச்சைச் சேலை, பின்னால் கடல். அது ஒன்று கிடைத்தால் போதும். அதுவும் இந்த டிஸ்கில்தான் இருந்தது.

முன்பக்கத்தில் சொருகிப் பார்த்தார், பின்பக்கத்தில் சொருகிப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. மேஜையை ஓங்கிக் குத்தினார். கை வலித்ததுதான் மிச்சம்.

மகள் யுவராணி வாசலில் வந்து நின்றாள். மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அய்யா, அம்மா அங்கன கெடக்கு. நீங்க இங்கன கம்ப்யூட்டரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கீக."

"ஒன் போன்ல அம்மா படம் இருக்கா?"

யுவராணி யோசித்தாள். "இருக்கு. எல்லாத்துலயும் மூஞ்சியக் கையால மறைச்சிருக்கும்."

"பாத்தியா."

"நீங்கதான அய்யா சொல்லுவீக, ஃபிரேமுக்குள்ள வராத, தள்ளி நில்லுன்னு. கேமராவக் கண்டாலே அம்மா ஒதுங்கிரும்."

அவர் திரைப்பக்கம் திரும்பினார். டிவைஸ் மேனேஜரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கரண்டை மிச்சம் பிடிக்கக் கம்ப்யூட்டரே யுஎஸ்பியை அணைத்துக்கொள்ளலாம் என்கிற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. சித்திரையில் அவரே எடுத்துவிட்ட டிக். அப்டேட் அதைத் திரும்பப் போட்டு வைத்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார். ஒயரைச் சொருகினார். இப்போது டிஸ்க் பெயரில்லாமல் தலைகாட்டியது. அதன் எழுத்தை, கேமரா கார்டைச் சொருகும் கார்டு ரீடர் பிடுங்கி வைத்திருந்தது. வேறு எழுத்துக் கொடுத்தார்.

கல்யாணங்களின் பெயர்கள் வரிசையாகத் திரையில் இறங்கின.

"வந்துருச்சா?" யுவராணி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தனுஷ்கோடியைத் தேடித் திறந்தார். பச்சைச் சேலை இருந்தது, கடல் இருந்தது. காற்றில் தலைமுடி மொத்தமும் பறந்து முகத்தை மூடியிருந்தது. ஒரே ஒரு படம். இரண்டாவது எடுக்க அன்றைக்கு அவர் மெனக்கெடவில்லை.

ராம்குமார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மணி பன்னிரண்டு ஐம்பது. எதற்கென்று இல்லாமல் விரல் மட்டும் ஒரு கல்யாணத்தைத் திறந்தது. கமுதி, இரண்டாயிரத்துப் பதினொன்று. முதல் படத்தில், மணமேடையில், பெண்ணுக்குப் போட்டிருந்த சிவப்பு நாற்காலியில் முருகலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

"இது என்னய்யா?"

"லைட் பாக்க எடுத்தது. பொண்ணு வர்றதுக்கு முன்னாடி வெளிச்சம் சரியா விழுகுதான்னு பாக்கணும்ல. ஒங்கம்மாவத்தான் உக்கார வைப்பேன்."

அடுத்ததைத் திறந்தார். முதுகுளத்தூர். முதல் படத்தில் அவள். பெருநாழி. முதல் படத்தில் அவள். ஒன்றில் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் சின்னப் பிள்ளையாக யுவராணி அவள் வயிற்றோடு ஒட்டி மடியில் தூங்கினாள். ஒன்றில் வாய் நிறைய வெற்றிலை. கறுப்பு முடி மெல்ல மெல்ல நரைத்துக்கொண்டு வந்தது. எந்த நாற்காலியிலும் அவள் முகத்தை மறைக்கவில்லை. நேராகப் பார்த்திருந்தாள். ஒரு படத்தையும் அவர் அழித்திருக்கவில்லை, திரும்பிப் பார்த்ததும் இல்லை.

"கமுதியவே அனுப்புங்கய்யா," என்றாள் யுவராணி. அவர் அதை மறுபடி திறந்ததும் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "வாய் லேசாத் தொறந்திருக்கே. அம்மா என்னமோ சொல்லுதா?"

"சீக்கிரம் எடுங்க, பொண்ணு வந்துரப் போகுதுன்னு."

படம் பாக்கருக்குப் போனது. போன் உடனே அடித்தது.

"வந்துருச்சுண்ணே. நல்லாருக்கு. பின்னாடி நாற்காலி தெரியுதே, வெட்டிரவா?"

ராம்குமார் மகளைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வேணாம் பாக்கரு. இருக்கட்டும்."

பாண்டித்துரை கதவருகே வந்து நின்றார். இந்த முறை உள்ளே நுழையவில்லை.

"குளிப்பாட்டியாச்சு மாப்பிள்ளை. நீங்க வந்து பொட்டு வைக்கணுமாம்."

"வாரேன் மச்சான்."

எழுந்தார். காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்ததில் இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் இறங்கட்டும் என்று அப்படியே நின்றார்.